டாங்கியடிக் குரல்

பிள்ளையின் போனுக்குள் இருந்த பெண்ணின் குரல் இனிப்பாக இருந்தது. அதுதான் புஷ்பராணிக்குப் பயம். திட்டுகிற குரலுக்கு அவள் பயந்ததில்லை. கங்காணி திட்டுவான், கணக்கப்பிள்ளை திட்டுவான், புருஷன் நடராஜா வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றும்போதே திட்டத் தொடங்குவான். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவளுக்குத் திட்டு மழை மாதிரி. நனைந்துவிட்டுத் துடைத்துக்கொள்ளலாம். அன்பாகப் பேசுகிற குரல்தான் ஆளைக் கொண்டுபோகும்.

அவளுடைய அக்கா ராசாத்தியை அப்படி ஒரு குரல்தான் கொண்டுபோனது. கொழும்பில் நல்ல வீடு, குழந்தை பார்க்கிற வேலை மட்டும், பள்ளிக்கூடத்துக்கும் அனுப்புவார்கள் என்று ஒரு புரோக்கர் பெண் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து, ராசாத்தியின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். அம்மா அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். மறு வருடம் தீபாவளிக்கு முன்னால் ராசாத்தி பெட்டியில் வந்தாள். பெட்டியைத் திறக்கக்கூடாது என்றார்கள். யாரும் திறக்கவில்லை.

ஆகவே, அந்தக் குரலைக் கேட்பதற்கு முன்பே, அந்த வியாழக்கிழமை காலையில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் பேச்சியம்மா கொழுந்து நிரையில் நின்று அந்தப் பேச்சை எடுத்தபோது, புஷ்பராணியின் கை செடியிலேயே நின்றுவிட்டது.

"ஏன்டி புஷ்பம், ஒம் மகென் டாங்கியடியில நின்னு யாருகூடயோ பேசிக்கிட்டே இருக்கானே, என்னா சங்கதி?"

"படிப்பு விசயமா இருக்கும்."

"பரீட்ச முடிஞ்சு ரிசல்ட்டே வந்துருச்சு. இன்னும் என்னா படிப்பு? நா வெறகுக்குப் போனப்பக் கேட்டேன். பொம்பளக் கொரலு. நம்ம பேச்சு இல்ல. ஓம், ஓம்னுது. வடக்குப் பேச்சு."

"லவ்வுங்குறியா?"

"லவ்வா இருந்தா மாரியம்மனுக்கு நானே பொங்க வைப்பேனே! ஒம் மகனுக்கு ஒரு பொண்ணு கெடச்சா இந்த லயத்துக்கே திருவிழாதான்." பேச்சியம்மா சிரித்தாள். நிரையில் இருந்த மற்றப் பெண்களும் சிரித்தார்கள். "இது வயசு வந்த கொரலுடி. நீ பயப்படாத, நா இருக்கேன்ங்குது. கொழும்புக்கு வர்ற அன்னிக்கு நானே வந்து நிக்கிறேன்ங்குது."

சிரிப்பு எதற்கென்று புஷ்பராணிக்குத் தெரியும். மூத்ததும் கடைசியும் அந்த ஒரே பிள்ளைதான். பெயர் நிரோஷன். கொரோனாக் காலத்தில் பள்ளிக்கூடம் போனுக்குள் நடந்தபோது வளர்ந்த முடியை அது அதற்குப் பிறகு வெட்டவேயில்லை. புருவத்தைத் திருத்தியிருந்தது. பீலிக்குக் குளிக்கப் போனால் ஆட்கள் எல்லாரும் போன பிறகுதான் போகும். பாதையில் வாலிபர்கள் பின்னால் கூவுவார்கள். என்ன கூவுகிறார்கள் என்பதைப் புஷ்பராணி காதில் வாங்குவதில்லை. காதில் வாங்கினால் அதற்கு ஒரு பதில் வேண்டும்.

நடராஜா காதில் வாங்கினான். அவன் அக்குறணையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் சிமெந்து மூட்டை தூக்குகிறான். அங்கேயே தங்கல். வெள்ளிக்கிழமை கடை மூடுவதால் வியாழன் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சனிக்கிழமை விடிய திரும்பிப் போவான். போன கிழமை போகும்போது சொல்லிவிட்டுப் போனான்: "அடுத்த வாட்டி அவனயும் கூட்டிக்கிட்டுப் போறேன். முடிய ஒட்ட வெட்டி வையி. நாலு மாசம் மூட்ட தூக்குனா எல்லாஞ் சரியாயிரும்."

முடி வெட்டப்படவில்லை. வியாழக்கிழமை வந்துவிட்டது.

மழை பிடிப்பதும் விடுவதுமாக இருந்தது. தேத்தண்ணி நேரத்துக்குக் கூடையை இறக்கி வைத்த புஷ்பராணி, இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியைக்கூட அவிழ்க்காமல் டாங்கிக்கு ஏறினாள். லயத்தில் சிக்னல் கிடையாது. மேலே தண்ணீர் டாங்கி இருக்கிற மேட்டில்தான் போன் பேசும். ஆகவே தோட்டத்தில் யாருக்கு இரகசியம் இருந்தாலும் அங்கேதான் போகவேண்டும். அங்கே போனாலே இரகசியம் இருக்கிறதென்று தோட்டத்துக்குத் தெரிந்துவிடும்.

பிள்ளை டாங்கிச் சுவரில் சாய்ந்து, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. போன் மடியில் இருந்தது. குரல் வெளியே கேட்டது.

"பயம் வரேக்க என்ன செய்யிறதெண்டு போனமுறை கதைச்சமெல்லே? சொல்லுங்கோ பாப்பம்."

"மூச்ச மெதுவா விடணும். காலு நெலத்துல படுதான்னு பாக்கணும்."

"ஓம். இப்ப படுகுதோ?"

"படுது. செருப்புக்குள்ள அட்டையும் இருக்கு."

அந்தப் பெண் சிரித்தாள். பிள்ளையும் சிரித்தது. வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலம் என்று புஷ்பராணிக்கு நினைவில்லை.

"சாப்பிட்டீங்களோ?"

"இல்லக்கா. இன்னைக்கு அப்பா வர்றாரு. சோறு எறங்கல."

"சரியம்மா. நான் இருக்கிறன்."

ராசாத்தியின் தலையைத் தடவிய கை இதே குரலில்தான் பேசியது. புஷ்பராணி பாய்ந்து போனைப் பிடுங்கினாள்.

"யாருடி நீ? எத்தன புள்ளய வித்திருக்க?"

"அம்மா, நான் நிஷாந்தினி. நாங்கள் ஒன்லைன்ல இப்பிடியான பிள்ளையளோட கதைச்சு, அவைக்குத் துணையா—"

"தொணையா? தல தடவுறவள எனக்குத் தெரியும்டி. கொழும்புக்குக் கூப்புடுறியா? இன்னொரு வாட்டி எடுத்த, போலீசுல நிக்க வச்சிருவேன்."

"போனை வைக்காதேங்கோ அம்மா. அவவிட்ட ஒரு சொல்லு மட்டும்—"

"அவவா? எவடி அவ?"

சிவப்புப் பொத்தானை எப்படி அமர்த்துவதென்று அவளுக்குத் தெரியும். அமர்த்தினாள்.

பிள்ளை எழுந்து நின்றது. "குடும்மா. அவங்க புரோக்கர் இல்ல. அவங்களும் என்னைய மாதிரி."

"ஒன்ன மாதிரின்னா?"

பிள்ளை வாயைத் திறந்தது.

"ஒன்ன மாதிரின்னா என்னாடா?"

பதில் அவளுக்குத் தெரியும். அந்தப் பதில் அந்த வாயிலிருந்து வந்துவிடக்கூடாது என்றுதான் அடித்தாள். கன்னத்தில் ஒன்று, தோளில் ஒன்று. கொழுந்துக் கறை பிடித்த விரல்கள் கன்னத்தில் பச்சையாகப் பதிந்தன.

பிள்ளை அழவில்லை. "அவங்க ஒவ்வொரு வாட்டியும் கேக்குறாங்கம்மா. இருக்கியான்னு கேக்குறாங்க."

"எங்க இருக்கியான்னு?"

"எங்கன்னு இல்ல. உயிரோட."

சொல்லிவிட்டுத் தேயிலைக்குள் இறங்கிப் போனது. குறுக்குப் பாதை இல்லாத இடத்தில், செடிகளை இடுப்பால் தள்ளிக்கொண்டு.

புஷ்பராணி பின்னால் போகவில்லை. கீழே கங்காணி கூப்பிட்டுக்கொண்டிருந்தான். போனை மடியில் முடிந்துகொண்டு நிரைக்குத் திரும்பினாள். போனைப் பிடுங்கியாயிற்று, வலை அறுந்தது, பிள்ளை பிழைத்தது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கை கொழுந்தை எடுத்தது. காதுக்குள் 'உயிரோட' என்ற அந்த ஒரு சொல் இருந்தது. நிறுவையடியில் முற்றல் இலை என்று கணக்கப்பிள்ளை கத்தினான். அவளுக்கு அது கேட்கவேயில்லை.

பகல் சாப்பாட்டுக்குக் காம்பராவுக்கு வந்தபோது கதவு சாத்தியபடி இருந்தது. காலையில் சுட்ட ரொட்டியும் சம்பலும் மூடி வைத்தது மூடி வைத்தபடி. பிள்ளை இல்லை. பீலியடியில் இல்லை. கோயிலடியில் இல்லை.

அதன் பிறகு அவள் தேடியது பிள்ளையை அல்ல. அடுப்படி மூலையில், அடுக்கியிருந்த விறகுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். காய்கறிப் பாத்திக்கு வாங்கிய பூச்சி மருந்து அங்கேதான் இருந்தது. இந்த லயத்தில் அதைக் குடித்துப் போனவர்களின் பெயரைப் பொழுதுபட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் வீட்டுக்குள் வந்துவிடும் என்று பயம்.

விறகு முழுவதையும் இழுத்துப் போட்டாள். போத்தல் இல்லை.

கத்துவதற்கு வாய் வந்தது. கத்தினால் லயமே கூடும். கூடினால் நடராஜா வருவதற்கு முன்பே செய்தி அவனுக்குப் போகும். சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு வெளியே ஓடினாள். தண்ணீர் ஓடும் கான்களை எட்டிப் பார்த்தாள். தேயிலைத் தூர்களுக்கு அடியில் குனிந்து குனிந்து பார்த்தாள். எங்காவது பிள்ளையின் நீலச் சட்டை கிடக்குமோ என்று பார்த்தாள். கிடக்கக்கூடாது என்றும் பார்த்தாள். மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது.

யாரிடம் கேட்பது? பிள்ளை யாரிடம் பேசும், எங்கே போகும் என்று தெரிந்த ஆள் இந்த மலையில் ஒருவரும் இல்லை. பெற்றவளுக்கே தெரியவில்லை. தெரிந்த ஒரே ஒருத்தி அவள் மடிக்குள் இருந்தாள்.

டாங்கிக்கு ஏறிப் போனை எடுத்தாள். திரையில் புள்ளிகள் வந்தன. கோலம் போடத் தெரிந்த கைதான், ஆனால் இந்தப் புள்ளிகளை எப்படிச் சேர்ப்பதென்று பிள்ளை சொல்லிக் கொடுக்கவில்லை. குறுக்கே இழுத்தாள், சுற்றி இழுத்தாள். போன் உதறிவிட்டுப் பூட்டிக்கொண்டது.

இனி எடுக்காதே என்று சொன்னவளுடைய அழைப்புக்காக, படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு புஷ்பராணி காத்திருந்தாள். போலீசுக்குப் பயந்து எடுக்காமலே விட்டுவிடுவாளோ? கெட்டவளாகவே இருக்கட்டும், எடுத்தால் போதும் என்று இருந்தது.

போன் அடித்தது.

"ஹலோ."

"அம்மாவோ? திட்டுறதெண்டா பிறகு திட்டுங்கோ. பிள்ளை பக்கத்தில இருக்கிறாவோ?"

"காணல. மருந்துப் போத்தலயும் காணல."

"விறகுக்குப் பின்னால இருந்த போத்தலோ?"

எங்கோ வடக்கில் இருக்கிற ஒருத்திக்குப் புஷ்பராணியின் அடுப்படி மூலை தெரிந்திருக்கிறது.

"ஒனக்கெப்படித் தெரியும்?"

"முதல் நிலத்தில இருங்கோ அம்மா. இருந்திட்டீங்களோ? அந்தப் போத்தல் இண்டைக்குக் காணாமப் போகேல்ல. தைப்பொங்கலுக்குப் பிறகு ஒரு நாள் அவவுக்கு மனம் சரியாக் குழம்பிப் போச்சு. அண்டைக்கு நான் போனை வைக்கேல்ல. கதைச்சுக்கொண்டே இருந்து, அதை வீட்டை விட்டு வெளிய குடுக்கச் சொன்னனான். பக்கத்து வீட்டு அம்மாட்டக் குடுத்திட்டு வந்து சொன்னவ. போய்க் கேட்டுப் பாருங்கோ."

தைப்பொங்கலுக்குப் பிறகு. அந்த வாரம் பிள்ளை சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தது. காய்ச்சல் என்று நினைத்துப் புஷ்பராணி கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தபோது சூடு இல்லை என்பதும் இப்போது நினைவுக்கு வந்தது.

"அப்பவே எங்கிட்ட ஏன் சொல்லல நீ?"

"அவ சொல்லுறதை நான் வெளிய சொல்லேலாது. அது எங்கட ஒழுங்கு. உயிருக்குப் பயமெண்டா மட்டும் சொல்லுவன் எண்டு முதல் நாளே அவவுக்குச் சொல்லியிருக்கிறன். அதாலதான் இப்ப சொல்லுறன். அண்டைக்கும் கண்டியில ஒரு டொக்டரோட கதைக்க வைச்சம். நாங்கள் சும்மா விடேல்ல."

"இப்ப எங்க போயிருக்கும்?"

"வீட்டில இருக்கேலாம வந்தா ஆரிட்டப் போவீங்கள் எண்டு கேட்டு வைச்சிருக்கிறன். ஒரு ஆளின்ர பேர் சொன்னவ."

தன் பெயர் வரும் என்று ஒரு நொடி எதிர்பார்த்ததற்குப் புஷ்பராணி பிறகு வெட்கப்பட்டாள்.

"கெலிஓயாவில தையல் கடை வைச்சிருக்கிற ஹவ்வா உம்மா."

மழை படங்கின் மேல் அடித்தது. "நீ யாரு?" என்று கேட்டாள் புஷ்பராணி. இந்த முறை கேட்டது வேறு மாதிரி இருந்தது.

"வவுனியாவில ஒரு கொம்பனியில கணக்கு வேலை செய்யிறன். நேரம் கிடைக்கேக்க இந்தப் பிள்ளையளோட கதைக்கிறன். கொழும்பில எங்கட ஆக்களின்ர கூட்டம் ஒண்டு நடக்கும், அதுக்குத்தான் அவவைக் கேட்டனான். பதினெட்டு முடிஞ்ச பிறகு, அதுவும் உங்களுக்குச் சொல்லிப்போட்டு. நானும் இவ மாதிரித்தான் பிறந்தனான் அம்மா. என்ர அம்மா கனகாலம் என்னோட கதைக்கேல்ல."

"இப்ப?"

"இப்ப கதைப்பா. திட்டுறதுக்கு."

புஷ்பராணி சிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டு இறங்கினாள்.

பேச்சியம்மா இஸ்தோப்பில் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். "போத்தலா? ஆமா, ஒம் மகென்தான் கொண்டாந்து குடுத்தான். அம்மாவுக்கு வேணாமாம், ஒங்க கோவாப் பாத்திக்கு அடிங்கன்னான். அடிச்சுத் தீத்துட்டனே. ஏன்டி, இப்ப வந்து திருப்பிக் கேக்குறியா?"

"இல்ல."

"என்னாடி, மொகமெல்லாம் வெளுத்துப்போய் நிக்கிற? மகென் எங்க?"

"கடைக்கு."

அது பொய் என்று பேச்சியம்மாவுக்குத் தெரிந்தது. எதுவோ நடந்திருக்கிறது என்றும் தெரிந்தது. சாயங்காலத்துக்குள் லயத்துக்கே தெரிந்துவிடும். புஷ்பராணி ஈரச் சேலையோடு ஒரு ஆட்டோவை மறித்து ஏறினாள்.

கெலிஓயா பஜாருக்குப் பின்னால், கோழிக்கடைக்கு அடுத்தாற்போல் இருந்தது அந்தத் தையல் கடை. இரண்டு மெஷின், ஒரு கதிரை, பாதி இறக்கிய கதவு. பிள்ளை அங்கே போய்ச் சேலைக்கு ஓரம் அடிக்கிறது, ஹூக் தைக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஆம்பிளைப் பிள்ளைக்கு ஏன் இந்த வேலை என்று நடராஜா கேட்பான் என்பதற்காக அவனிடம் சொல்லாமல் இருந்தாள்.

ஹவ்வா உம்மா மெஷினை நிறுத்தவில்லை. "வாங்க மகள். உள்ளுக்குத்தான் ஈக்கி. தோய்ஞ்சி வந்திச்சி, காலெல்லாம் அட்ட. நான் ஒன்டும் கேக்கல்ல. தேத்தண்ணி குடுத்தேன்."

புஷ்பராணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"மனசு ஒடஞ்சா இங்க வந்துதான் இருக்கும்னு எங்கிட்ட ஒரு வாட்டிகூட சொல்லலியே நீங்க."

"நீங்க கேக்கல்லயே மகள்."

உள்ளறையில் துணிப் பொதிகளுக்கு நடுவே பிள்ளை உட்கார்ந்திருந்தது. ஊதா நிறச் சல்வார், தோளில் ஷால், அவிழ்ந்த ஈர முடி. ஹவ்வா உம்மா பின்னால் வந்து, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "என்ட மகள் சப்னாட பழைய உடுப்பு. இந்தக் கடையில காஞ்ச உடுப்புண்டா பொம்புளட உடுப்புத்தான் ஈக்கி. நான் என்ன செய்ற?"

முதலில் புஷ்பராணிக்கு வந்தது பயம். கோழிக்கடையிலிருந்து யாராவது பார்த்துவிடுவார்களே. கதவை இன்னும் கொஞ்சம் இழுத்துச் சாத்தினாள். பிறகுதான் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அட்ட கடிச்ச எடத்துல சோப்பு போட்டியா?"

"போட்டேன்."

"அந்தப் பொம்பள பேசுனா."

"திட்டுனியா?"

"இல்ல. போத்தல் விசயத்தச் சொன்னா." புஷ்பராணி ஒரு துண்டுத் துணியை எடுத்து ஈர முடியைத் துவட்டினாள். "எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா அடிச்சிருப்ப."

"அடிச்சிருப்பேன்தான்," என்றாள் புஷ்பராணி.

மடியிலிருந்து போனை எடுத்துப் பிள்ளையின் கையில் வைத்தாள். "அவளுக்கு ஒரு சொல்லு சொல்லு. பயந்து போயிருப்பா." பிள்ளை விரலால் தட்டி ஏதோ எழுதியது. "அவ ஒன்ன என்னா பேரு சொல்லிக் கூப்புடுறா?"

பிள்ளை தலையை நிமிர்த்தவில்லை. "தர்ஷிகா."

"நம்ம லயத்துலயே ரெண்டு தர்ஷிகா இருக்காளுங்க. வேற பேரே கெடைக்கலியா?"

பிள்ளைக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து புரையேறியது. புஷ்பராணி முதுகில் தட்டிவிட்டாள்.

"அம்மா, நா அக்குறணைக்குப் போக மாட்டேன். கடைக்குப் பின்னால எல்லாரும் ஒரே எடத்துலதான் படுப்பாங்க. போன வாட்டி நா அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போனப்ப ஒருத்தன் என்னையப் புடிச்சு... அப்பா பாத்தாரு. பாக்காத மாதிரி இருந்துட்டாரு."

புஷ்பராணி பிள்ளையின் தோளிலிருந்து நழுவிய ஷாலை இழுத்துப் போர்த்திவிட்டாள்.

"இங்கயே ஈக்கட்டும்," என்றாள் ஹவ்வா உம்மா. "ஊட்டுல நானும் சப்னாவும்தான். கலியாணக் காலம், வேலையும் குமிஞ்சி ஈக்கி."

"யாராச்சும் கேட்டா?"

"தைக்க வந்த புள்ளண்டு செல்லுவேன். பொய்யில்லயே."

வெளியே சாயங்காலக் கண்டி பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அந்த பஸ்ஸில் நடராஜா இறங்குவான். இறங்கி, பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு, தோட்டத்துக்குப் போகிற வேனுக்கு இந்தச் சந்து வழியாகத்தான் வருவான். புஷ்பராணி எழுந்து, திரும்பிப் பார்க்காமல் வெளியேறி, சந்தின் முனைக்கு வேகமாக நடந்தாள். அவன் பேக்கரி வாசலிலேயே அவளைக் கண்டான்.

"நீ என்னா இங்க?"

"சாமான் வாங்க."

அவள் கை வெறுமையாக இருந்தது. அவன் அதைக் கவனித்தான். சட்டையிலும் புருவத்திலும் சிமெந்துத் தூசு. வேனில் ஏறினார்கள். தோட்டத்து ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். வேன் புறப்பட்டதும் நடராஜா சொன்னான்: "அவென் துணிமணியெல்லாம் எடுத்து வச்சிட்டியா? முதலாளிகிட்ட சொல்லிட்டேன். சனிக்கெழம வெள்ளனா கெளம்பணும்."

நாலு பேர் முன்னால் அவன் கை நீட்டமாட்டான். லயத்தில் நல்ல பெயர் அவனுக்கு. சொல்வதென்றால் இங்கேதான் சொல்லவேண்டும்.

"புள்ள வராது."

"என்னாது?"

"அக்குறணைக்கு வராது. வீட்டுலயும் இல்ல."

"எங்க?"

"சொல்ல மாட்டேன்."

முன் சீட்டில் இருந்தவன் திரும்பிப் பார்த்தான். நடராஜா பல்லைக் காட்டிச் சிரித்தான். "பாத்தியா மச்சான், நம்ம வீட்டுப் பொம்பளைக்கு வந்த வாய?" வேனில் சிரித்தார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். அவனுடைய முழங்கால் மட்டும் அவள் முழங்காலின்மேல் அழுந்திக்கொண்டே இருந்தது.

ஒவ்வொரு வளைவிலும் ஆட்கள் இறங்கினார்கள். கோயில் சந்தியில் மூன்று பேர். கீழ் லயத்தில் ஒரு குடும்பம், குழந்தையோடு. அவர்கள் இறங்க இறங்க, இன்னும் கொஞ்சம் இருங்களேன் என்று கேட்கவேண்டும்போல் அவளுக்கு இருந்தது. தேயிலை ஸ்டோரடியில் வேன் திரும்பி நின்றபோது மிச்சம் அவர்கள் இரண்டு பேர்தான்.

வழக்கமாக மேட்டுப் பாதையில் அவன் முன்னே ஏறுவான், அவள் பின்னே. இன்றைக்கு அவன் நகரவில்லை.

"முன்னால நட," என்றான்.

அவள் நடந்தாள். இருபுறமும் தேயிலை, நடுவில் ஓராள் பாதை. பின்னால் அவன் செருப்புச் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஒரு வளைவில் அது நின்றது. அவளும் நின்றாள்.

"எங்கடி?"

மழை விட்டிருந்தது. கீழே கெலிஓயாவில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. அதில் எது தையல் கடையின் விளக்கு என்று இங்கிருந்து பார்த்தால் தெரியாது. அவளுக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியாது.

"நல்ல எடத்துல இருக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டு, புஷ்பராணி அவன் பக்கம் திரும்பி அடிக்குக் காத்து நின்றாள்.